ஏற்கெனவே உள்ளது

அன்பிற்குரிய தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலமும், உன் கணவர், குழந்தை ஆகியோரின் நலமும் அறிய விழைகிறேன். உடன்பிறவாத உன்னைத் தங்கை என்று விளிக்கும் உரிமையை எனக்கு அளித்தவள் நீதான். பணியில் சேர்ந்த இரண்டாம் நாளே "அக்கா, கேன்டீன் எந்தப் பக்கம்?" என்று கேட்டு என் கையைப் பற்றிக்கொண்டாய். பின்னர் நீ எனக்கு மேலதிகாரியாக உயர்ந்தபோதும் அச்சொல்லை மாற்றவில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை விசாரணைக் குழுவின் முன் திரையில் தோன்றிப் பேசியபோதும் மாற்றவில்லை. ஆகையால் நானும் மாற்றாமலே தொடங்குகிறேன்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நீ வியக்கக்கூடும். அலுவலக அஞ்சலில் எழுதினால் அது கோப்பில் சேர்ந்துவிடும். கைபேசியில் எழுதினால், நீ படித்துவிட்டாய் என்பதை அதுவே எனக்குக் காட்டிக்கொடுக்கும். பிறகு நீ விடையளிக்காத ஒவ்வொரு மணி நேரத்தையும் நான் எண்ணிக்கொண்டிருக்க நேரிடும். காகிதம் அத்தகைய கொடுமையைச் செய்வதில்லை. பத்து நாளில் உன் கைக்குக் கிடைக்கும் என்று அஞ்சலகத்துப் பெண் சொன்னாள். குழுவின் இறுதி அமர்வு இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி. இன்று ஆறாம் தேதி, ஞாயிறு காலை. உனக்குப் போதிய அவகாசம் இருக்கிறது.

முதலில் அலுவலகச் செய்திகள். என் மேசையை மூன்றாம் தளத்திலிருந்து இறக்கி, முதல் தளத்தில் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நகலெடுக்க வருபவர்கள் தாள்களை என் கண்ணுக்குப் படாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தாளையும் அழித்துவிடுவேன் என்ற அச்சம் போலும். மூன்றாம் தளத்துக் கதவு என் அட்டையைக் கண்டால் சிவப்பு விளக்கைக் காட்டுகிறது. கீழ்வாசல் கதவும் சில காலைகளில் அவ்வாறே முரண்டு பிடிக்கும். காவலாளிதான் எழுந்து வந்து, "கார்டு கோச்சுக்கிச்சு போலக்கா, நீங்க வாங்க" என்று தம் கையால் திறந்துவிடுகிறார். நம் மேலாளருக்கு நீ சூட்டிய "தலையாட்டி" என்னும் பெயருக்கு அவர் இன்னும் பழுது நேரவிடவில்லை. என்னைக் கடக்கும்போதெல்லாம் "சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டு, நான் விடை சொல்லுமுன் தாமே தலையாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

வீட்டில் உன் அத்தானுக்கு மீண்டும் அதிகாலைப் பேருந்து. பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்துநர் பணியில் நின்றே காலம் கழித்தவர் அல்லவா? "கையெழுத்தைப் போட்டுத் தொலையேன். ரிசப்ஷன்ல உக்காந்தா காலாவது வலிக்காதுல்ல?" என்கிறார். எதில் கையெழுத்து என்பதைப் பின்னர் எழுதுகிறேன்.

அன்று திரையில் நீ சொன்னவற்றை நான் அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "அக்கா ரொம்ப நல்லவங்க. கடுமையா உழைப்பாங்க. ஆனா இதை முறையா படிச்சவங்க கிடையாது. புதுசா உருவாக்குறதுக்கும், ஏற்கெனவே இருக்கிறதை இணைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அவங்களுக்குப் பிடிபட்டிருக்காது. தயவுசெஞ்சு வேலையை விட்டு எடுத்துடாதீங்க. பாவம்." குழுவிலிருந்த மூவரும் உருகிவிட்டார்கள். நடுவில் அமர்ந்திருந்த அம்மையார் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். என்னை நீ திட்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடித்திருப்பேன்.

எனக்குப் பிடிபடாத அந்தப் பாடத்தை இப்போது உன்னிடமே ஒப்பிக்கிறேன். பிழையிருந்தால் திருத்து.

முன்பெல்லாம் ஒரு தொலைபேசிச் சேவையை நடத்த அறை நிறையப் பெட்டிகள் தேவைப்பட்டன. இன்று அப்பெட்டிகள் மென்பொருளாகி, கிளவுடில் வாடகைக் கணினிகளில் குடியேறிவிட்டன. ஒரு சேவையை நிறுவும்போது அதற்கு வேண்டிய கணினி, வட்டு, வலையமைப்பு ஆகிய அனைத்தையும் ஒரு பட்டியலில் எழுதுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, "புதிதாக உருவாக்கு" அல்லது "ஏற்கெனவே உள்ளது, இணைத்துக்கொள்" என்று குறிக்க வேண்டும். உருவாக்கியது சேவைக்குச் சொந்தம். ஏற்கெனவே உள்ளது பிறருடையது. அதில் நாம் ஒட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். சேவையைக் கலைக்கும் நாளில் கருவி சொந்தப் பொருள்களை அழித்துவிடும். பிறருடைய பொருளிலிருந்து பிணைப்பை மட்டும் அவிழ்த்துக்கொண்டு விலகும். வாடகை வீட்டைக் காலி செய்பவன் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போவானே தவிர, சுவரைப் பெயர்த்துக்கொண்டு போகமாட்டான். நீ அவனிடம் சுவரும் உன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாய்.

அந்தக் காலைப் பொழுது உனக்கு நினைவிருக்கும். பத்து மணிக்குப் பெரியவர்கள் முன்னிலையில் புதிய அழைப்புச் சேவையின் முன்னோட்டம். ஆம்புலன்ஸ் அறையின் அழைப்புகளை ஏந்தும் வலையமைப்போடு அதனை இணைத்துக் காட்ட வேண்டும். அவ்வலையமைப்பு வேறொரு பிரிவுக்கு உரியது. முறைப்படி இணைப்பதற்கு அப்பிரிவின் ஒப்புதல் தேவை. ஒப்புதலுக்கு இரண்டு நாளாகும். உன்னிடமோ இரண்டு மணி நேரம்தான் இருந்தது. கருவியில் "பொறுப்பேற்றுக்கொள்" என்றொரு வழி உண்டு. ஏற்கெனவே உள்ள பொருளைச் சேவைக்குச் சொந்தமானதாகவே பதிந்துகொள்ளும் வழி அது. பட்டியலைப் பார்த்து நான் உனக்குக் கேள்வி அனுப்பினேன். நீ அனுப்பிய விடை இது: "அக்கா, கையெழுத்துக்குக் காத்திருந்தா டெமோ போச்சு. நம்மளுதுன்னே பதிஞ்சிருக்கேன். முடிஞ்சதும் நானே மாத்திடறேன், நீங்க கண்டுக்காதீங்க."

முன்னோட்டம் வெற்றி பெற்றது. கைதட்டல் கீழ்த்தளம் வரை கேட்டதாகக் காவலாளி சொன்னார். ஆறே வாரத்தில் உனக்கு வெளிநாட்டுப் பதவி வந்தது. வழியனுப்பு விழாவில் கேக்கின் முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினாய். மாற்றுவதாகச் சொன்னதை மாற்றாமலே விமானம் ஏறினாய்.

ஐந்து மாதம் கழித்து, முன்னோட்டத்துக்காக நிறுவிய அந்தச் சோதனைச் சேவையைக் கலைக்குமாறு எனக்கு உத்தரவு வந்தது.

இனி என் பங்கைச் சொல்கிறேன். குழுவிடமும் இதனை ஒளிக்கவில்லை. நான் கலைக்கத் தொடங்கியதும் கருவி ஓரிடத்தில் நின்றது. "இவ்வலையமைப்பு இன்னும் பயன்பாட்டில் உள்ளது. கட்டாயமாக அழிக்கவா?" என்று கேட்டது. சோதனைச் சேவைகளில் மிச்சசொச்சம் கிடப்பது வழக்கம் என்பதை நீ அறிவாய். அன்று காலை மட்டும் அதே கேள்வி மூன்று முறை வந்திருந்தது. மூன்றும் வெற்று எச்சங்கள். நான்காம் முறை வந்தபோது பட்டியலைப் பார்த்தேன். சொந்தம் என்றிருந்தது. பட்டியல் நீ எழுதியது. எவர் எழுதினாலும் வரி வரியாகப் படித்துப் பார்க்கும் நான், நீ எழுதியதை அன்று அவ்வாறு படிக்கவில்லை. "ஆம்" என்று அழுத்தினேன். நீ அனுப்பிய விடையை நான் என் பதின்மூன்றாம் நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருந்தேன். அது என் இழுப்பறையில்தான் கிடந்தது. தனக்குத் தானே எச்சரிக்கை எழுதி, அதனைப் பூட்டியும் வைத்துக்கொண்ட அறிவாளி நான் ஒருத்திதான்.

இருபத்தாறு நிமிடம் ஆம்புலன்ஸ் அறைக்கு ஓர் அழைப்பும் போய்ச் சேரவில்லை. அழைத்தவர்களுக்கு மணியோசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதன் பின்னர் நடந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அறிக்கையில் அதனை "ஒரு வாடிக்கையாளர் பாதிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் ஒரு தச்சர். மனைவி சமையலறையில் சரிந்து விழுந்ததும் பதினோரு முறை அழைத்திருக்கிறார். பின்னர் மரப்பலகை ஏற்றும் சிறு வண்டியில், பலகைகளுக்கு மேலே அவரைக் கிடத்தி, தாமே மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்றிருக்கிறார். அந்த அம்மையார் உயிர் பிழைத்தார். வலக்கையும் பேச்சும் போய்விட்டன.

இரண்டு வாரத்துக்கு முன்பு தச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் எவரும் பேசக்கூடாது என்பது தலையாட்டியின் கட்டளை. என் மேசை முதல் தளத்தில் இருப்பதால், இறங்கிப் போவது எனக்கு எளிதாயிற்று. அவர் கைவிரல்களில் பசை காய்ந்திருந்தது. நாற்காலியில் அமராமல் நின்றுகொண்டிருந்தார். "கிளவுட்ல ஏதோ கோளாறுன்னு எழுதி அனுப்பியிருக்காங்கம்மா. அன்னிக்கு வானம் துடைச்சு வச்ச மாதிரில்ல இருந்துச்சு? யாராச்சும் ஒரு மனுஷன் கையி பட்டிருக்கணுமே" என்றார். என் கைதான் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, "தெரிஞ்சு பண்ணுனியா, தெரியாம பண்ணுனியா?" என்று கேட்டார். தங்கையே, அக்கேள்விக்கு என்னால் முழுமையான விடை சொல்ல இயலவில்லை. பாதி என்னிடம் இருக்கிறது, மறுபாதி இன்னொருவரிடம் இருக்கிறது, அது வந்ததும் சொல்கிறேன் என்றேன். "அப்ப வரட்டும், நான் எங்கயும் போகல" என்று சொல்லிவிட்டுத் தம் தொலைபேசி எண்ணை என்னிடம் எழுதிக் கொடுத்தார்.

அந்த மறுபாதியைப் பெறுவதற்கு வேறு வழியே இல்லை என்பதை நீ நன்கு அறிவாய். அரட்டைப் பதிவுகள் தொண்ணூறு நாளில் தாமாக அழிந்துவிடும். பொறுப்பேற்ற பதிவு நம் பணிக்குழுவின் பொதுக் கணக்கில் இருக்கிறது. அதன் கடவுச்சொல்லை நாம் அறுவருமே அறிவோம். எஞ்சியிருப்பது என் நோட்டு ஒன்றுதான். அதனை விசாரணைக் குழுவிடம் விரித்துக் காட்டினேன். "நீங்களே எழுதினதுக்கு நீங்களே சாட்சியாம்மா?" என்று கேட்டார்கள். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். நீ அப்போது திரையில்தான் இருந்தாய். உன் பக்கம் திரும்பி, "இப்படி எழுதினீங்களா?" என்றார்கள். "நினைவில்லை. நிறைய மெசேஜ் போகும் வரும்" என்றாய். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்காகப் பரிந்து பேசத் தொடங்கினாய்.

இப்போது என் முன்னே ஒரு தாள் இருக்கிறது. "முறையான பயிற்சியின்மையால் நேர்ந்த பிழை" என்பதை நான் ஏற்றுக்கொள்வதாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்டால் வரவேற்பு மேசையில் வேலை உண்டு, மறுத்தால் பணிநீக்கம். உன் பரிந்துரைக்கு இணங்கியே இச்சலுகை அளிக்கப்படுவதாகத் தலையாட்டி தெரிவித்தார். பணியில் சேர்ந்த புதிதில், வந்தவர்களுக்கு வழிகாட்டிக்கொண்டே, மேசைக்கு அடியில் கையேடுகளைப் பிரித்துவைத்து, ஒரு நாளைக்கு நான்கு பக்கம் என்று நான் படித்ததும் அதே வரவேற்பு மேசையில்தான். எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை என்பது மெய். நான் கற்கவில்லை என்பது பொய்.

கையெழுத்திட மாட்டேன். இதனைச் செருக்கு என்று உன் அத்தான் சொல்கிறார், நீயும் சொல்லக்கூடும். செருக்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் வேறொன்றையும் எண்ணிப் பார். அத்தாளில் நான் கையெழுத்திட்டால், படிக்காத ஒருத்தி அறியாமல் செய்துவிட்டாள் என்று தச்சருக்குக் கடிதம் போகும். அவரும் நம்பிவிடுவார். என் இடத்துக்குப் பட்டம் பெற்ற ஒருவர் வருவார். "பொறுப்பேற்றுக்கொள்" என்னும் அந்த வழி கருவியில் அப்படியேதான் இருக்கும். அவசரமும் அப்படியேதான் இருக்கும். பட்டத்தோடு அதனைச் செய்தவள் நீ என்பதை ஒருவரும் அறியமாட்டார்கள்.

நான் கேட்பது சிறிது. என் வேலையைக் காப்பாற்ற வேண்டாம். என்னை நல்லவள் என்று சொல்லவும் வேண்டாம். அந்த வலையமைப்பு ஏற்கெனவே உள்ளது என்பதை அறிந்தே அதனைச் சொந்தமாகப் பதிந்தேன், மாற்றுவதாகச் சொன்னேன், மாற்றவில்லை என்று குழுவுக்கு ஒரே ஒரு வரி எழுது. அழுத்தியவள் நான் என்பது எவ்வகையிலும் மாறாது; மாற்றவும் நான் கேட்கவில்லை. உனக்கு அதனால் பதவி இழப்பு நேரலாம் என்பதை உணர்ந்தே கேட்கிறேன். உணராமல் கேட்பதாக எண்ணி என்னை மன்னித்துவிடாதே.

இருபத்தெட்டாம் தேதி காலை, கையெழுத்துக்காக அவர்கள் நீட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் பாதியை மறுபடியும் சொல்வேன். அதன் பின்னர் அலுவலகத்தை விட்டு நேராகத் தச்சரின் பட்டறைக்குப் போவேன். உன் வரி வந்திருந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். வராவிட்டால் அவரிடம் என்ன சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உன் மகள் இந்நேரம் பேசத் தொடங்கியிருப்பாள். இந்த வயதில் காரணமே இல்லாமல் கூப்பிடுவார்கள். வந்து நின்றால் ஒன்றும் இல்லை என்பார்கள். சலித்துக்கொள்ளாதே. அவள் நூறாண்டு வாழட்டும். அவள் எப்போது கூப்பிட்டாலும் மறுமுனையில் ஆள் இருக்கட்டும்.

இவ்வண்ணம்,
உன் வரிக்குக் காத்திருக்கும்
அக்கா