ஆற்றுமுகத்தில் ஒன்பது மீட்டர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலம் என்று ஒரு வரி, மீதியெல்லாம் சாப்பாட்டைப் பற்றிய புகார். அம்மாவுக்கு நலத்தை மட்டும் படித்துக் காட்டினேன்.

கடல் வரைபட அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்திருக்கிறார்கள். அளவைப் படகு கொண்டுவரும் ஆழ எண்களை வரைபடத்தில் ஏற்றுவதுதான் வேலை. எழுதக்கூடாதுதான், ஆனாலும் எழுதுகிறேன்: வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் போய்வரும் ஆற்றுமுகத்தில் மணல் ஏறிவிட்டது. பழைய வரைபடத்தில் பதினான்கு மீட்டர். இப்போது ஒன்பதுதான். கவனம்.

உன் தங்கை

மார்ச் 15

புத்தகப்புழுவே,

உன் கடிதம் கிடைத்தது, தணிக்கைக்காரர் பிளேடால் வெட்டிய பெரிய ஓட்டையோடு. அப்படி என்னடி எழுதித் தொலைத்தாய்? காதல் என்றால் நேராகச் சொல், அம்மாவை நான் சமாளிக்கிறேன்.

எங்கள் நீர்மூழ்கி சின்னது. ஏழு பேர், மூன்று படுக்கை. ஒருவன் எழுந்த சூட்டில் அடுத்தவன் படுக்கணும். பெரியவை நுழைய முடியாத கரையோரத்துக்கெல்லாம் நாங்கள்தான் போகிறோம். ஒலி அனுப்பி ஆழம் பார்த்தால் எதிரிக்கு நாங்கள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் வரைபடம் சொல்வதுதான் எங்களுக்கு ஆழம். உங்கள் ஆபீஸ் கையெழுத்தை நம்பித்தான் ஓட்டம்.

அண்ணன்

மார்ச் 22

அண்ணா,

வரைபடம் சொல்வதுதான் உங்களுக்கு ஆழம் என்று படித்ததும் தலைமை வரைவாளரிடம் ஓடினேன்.

"புது எண்கள் எப்ப சார் அச்சுக்குப் போகும்?"

"மேல கையெழுத்து ஆகணும்மா."

"ஆறு வாரமா மேலயே இருக்கே சார்."

"ஏன், நாளைக்கு நீ கப்பல் ஓட்டப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாடிக்கு நானே போய்ப் பார்த்தேன். கையெழுத்துப் போடுபவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார், மே மாதம்தான் வருவாராம்.

ஒன்று செய். ஆற்றுமுகத்து வரைபடம் பழசு என்று உன் கேப்டனிடம் சொல். கேட்கவில்லை என்றால் விடுப்பு எடு. அம்மா படுத்த படுக்கை என்று பொய்யாக ஒரு கடிதம் அனுப்புகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை

ஏப்ரல் 2

புழுவே,

இந்த முறை கடிதம் வரவில்லை, அதன் ஓரங்கள்தான் வந்தன. 'ஒன்று செய்' மட்டும் தப்பியிருக்கிறது. என்ன செய்யணும்? புடவையா, புத்தகமா? எதுவானாலும் விடுப்பில் வந்து செய்கிறேன். இனிக் கொஞ்ச நாள் என் கடிதம் வராது. அம்மாவைப் பயப்பட விடாதே.

அண்ணன்

மே 9

அண்ணா,

புது எண்களுக்கு இன்று கையெழுத்து வந்துவிட்டது. தலைமை வரைவாளரே கொண்டுவந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி உட்காருகிறவர் இல்லை. நீ நீர்மூழ்கியில் இருப்பதை அன்றைக்குப் பிறகு அவரிடம் சொல்லியிருந்தேன்.

எண்களோடு ஒரு சீட்டும் இருந்தது. ஆற்றுமுகத்தில், ஒன்பது மீட்டர் ஆழத்தில், மணலில் புதைந்த சிறு நீர்மூழ்கி ஒன்று, ஏழு பேர், எவரும் மீட்கப்படவில்லை, வரைபடத்தில் குறிக்கவும்.

"வேற யாரையாவது போடச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம் சார்."

படுத்த கோடு ஒன்று, குறுக்கே மூன்று சிறு கோடுகள், சுற்றிலும் புள்ளிகள். மூழ்கிய கலத்துக்கு அதுதான் குறி. இரண்டு நிமிட வேலை. எனக்கு மதியம் தாண்டிவிட்டது.

வீட்டுக்கு இன்னும் தகவல் எதுவும் வரவில்லை. அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் போய்விட்டார்கள், காவலாளி சாவியோடு வாசலில் நிற்கிறார். இன்னும் ஒரு வரி என்று அவரிடம் சொல்லிச் சொல்லி உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை