கண்ணை மறைக்கும் குல்லா

ஜனவரி 9, வெள்ளி. நகரி.

மகள் மீனாவின் பிரசவத்துக்காக நாளை அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறேன். அவளுக்காக வேண்டிக்கொண்டபடி நேற்று நானும் என் வீட்டுக்காரரும் திருமலையில் முடி கொடுத்தோம். காலையில் போனில் அதைச் சொன்னதும் மீனா கத்தினாள்.

"மொட்டைத் தலையோட இருபது மணி நேரம் ஏசியில எப்படிம்மா உக்காந்துகினு வருவ?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மதியம் அவர் எங்கள் தறியில் நெய்த துண்டை இரண்டாக மடித்து, ஒரு குல்லா தைத்துக் கொண்டுவந்தார். போட்டால் மூக்கு வரை இறங்கியது.

"இன்னாய்யா, இம்மாம் பெருசாகீது?"

"நீ தூங்கிக்கினு இருந்த. என் மண்டையில அளவு பாத்தேன். பிரிச்சுத் தைக்கட்டா?"

வேண்டாம் என்றேன். காதுக்கும் இதமாக இருக்கிறது, விளக்கு வெளிச்சமும் உறுத்தாது. விமானத்தில் நன்றாகத் தூங்கலாம். இவ்வளவு செய்யத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு சோறு வடிக்கத் தெரியாது. நான் இல்லாத மூன்று மாதம் என்ன செய்யப்போகிறாரோ.

நாளை ஏர்போர்ட்டில் அவர் கையாட்டும்போது குல்லாவை நன்றாகக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். நான் அழுவதைப் பார்த்தால் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.