ஏழாம் தாள்

அபிநயா,

குண்டானில் சோறு இருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். நான் உளுந்தூர்பேட்டை போய் மதியம் வருவேன்.

பதினோரு மணிக்குச் சித்தப்பா நிலத்தை விற்கக் கையெழுத்து வாங்க வருவார். டீ கொடு, கையெழுத்துப் போடாதே. பாகப்பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து என் செல்லுக்கு அனுப்பியிருக்கிறார். பன்னிரண்டில் ஏழாம் தாள் மட்டும் இல்லை. கேட்டால், "அதுல இன்னா இருக்குது அண்ணி, வெறும் முத்திரைதான்" என்கிறார். பதிவன்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முழுதும் படித்தவள் நான். கிணற்றில் நமக்குப் பாதி என்று எழுதியிருப்பது அந்தத் தாளில்தான்.

முழு பிடிஎஃப் அப்பாவின் செல்லில் இருக்கும். அவர் இறந்த நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. இன்றுதான் சார்ஜ் போட்டேன். ஏழாம் தாளை மட்டும் தனியாகப் பிரித்து, சித்தப்பா தன் வீட்டிலிருந்து கிளம்புமுன் அவருக்கு அனுப்பிவிடு.

அம்மா

பி.கு. உன் நம்பரிலிருந்து வேண்டாம். அப்பா நம்பரிலிருந்தே போகட்டும்.