நான் விட்ட நாற்பது விநாடி

சேலையூர்,
ஜனவரி 20.

எப்சிக்கு,

ஆமாம், அந்த நாற்பது விநாடியை எழுதாமல் விட்டது நான்தான். பதிவில் கோளாறு இல்லை. போனில் நீ கேட்டபோது தெரியாது என்றேன். அதனால்தான் எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். வேளச்சேரி சாலையை மறுபடி தோண்டியிருக்கிறார்கள், அப்பா பஸ்ஸுக்குச் சுற்றிப் போகிறார். போன ஞாயிறு சர்ச்சில் சத்தியநாதன் அங்கிள், வெளிநாடு போனவங்களப் பத்திப் படிக்க இவளும் வெளிநாடு போகணுமா என்று கேட்டார். அப்பாவும் சிரித்தார். கணக்கு வேண்டாம் சமூகவியல்தான் என்று நீ சாப்பிடாமல் கிடந்த இரண்டு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான்.

போன ஜூனில் லீவுக்கு வந்தபோது, வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய பன்னிரண்டு தாய்மாரைப் பேசவைத்துப் பதிந்தாய். கேட்டு எழுதும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் கட்டுரை திருத்திய கை. பொருந்தாத வரியைக் கண்டால் அடித்துவிடும். எதிர்வீட்டு ஜெய்னப் அதில் சொல்கிறாள், முதாசிர் தோஹா போனப்புறம்தான் கண்ணு நான் நிம்மதியா சோறு துன்றேன், அல்லாரும் அவன் வரணும்னு துவா கேக்கறாங்க, நான் கேக்கறதில்ல என்று. அந்த நாற்பது விநாடியை விட்டுவிட்டு, மகன் வரவுக்காகக் காத்திருக்கிறாள் என்று நானாக ஒரு வாக்கியம் எழுதினேன். அதை நம்பி நீ ஓர் அத்தியாயம் எழுதுவாய் என்று நினைக்கவில்லை. அடுத்த மாதம் அதைக் கொடுக்க வேண்டும், பேராசிரியர் பதிவையும் கேட்பார் என்கிறாய்.

நேற்று ஜெய்னப்பிடமே சொன்னேன். இதுக்கா டீச்சர் மூஞ்சிய இப்டி வெச்சிகினு வந்தீங்க என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. நான் சொன்னத நீங்க ஏன் மாத்தறீங்க, என் வாயி, என் புள்ள என்றாள். அவன் எப்ப வரான்னுதான் அல்லாரும் கேக்கறாங்க, உங்க பொண்ணு ஒருத்திதான் நீங்க எப்டி கீறீங்கன்னு கேட்டுச்சு, பேர மட்டும் மாத்தி அப்டியே போடச் சொல்லுங்க என்றாள்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நீ போன முதல் வருஷம் உன் அறையைத் திறக்கவில்லை. இப்போது அதில்தான் மத்தியானம் தூங்குகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஜெய்னப் சொன்னதைப் படித்தால் அம்மாவும் இப்படித்தான் என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன். பாசம் குறையவில்லை எப்சி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

என் வாக்கியத்தை எடுத்துவிடு. அத்தியாயம் மாறினால் மாறட்டும். காலையில் சாப்பிடாமல் லைப்ரரிக்கு ஓடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார்.

அம்மா
சாராள்

பின்குறிப்பு: விட்டதைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஜெய்னப்பிடம் வாசித்துக் காட்டினேன். சரி என்றாள். பிறகு உன் கேள்வித்தாளை எடுத்து, முதல் கேள்வியிலிருந்து நானே பதில் சொல்லிப் பதிந்தேன். முப்பத்தொரு நிமிடம். மறுபடி கேட்டுப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.