குச்சி கேட்டு வந்தவர்கள்

கச்சிராயபாளையம்
12.6.1996

அன்புள்ள மாமாவுக்கு,

ராணி எழுதுவது. நானும் கமலாவும் சுகம். பொங்கலுக்கும் வரவில்லை, கூழ் ஊற்றினபோதும் வரவில்லை. கேட்டால் லீவு இல்லை என்பீர்கள். கல்குவாரிக்கு என்ன அவசரம், கல் எங்காவது ஓடிப்போகிறதா?

ஒரு விஷயம், சிரிக்கக் கூடாது. நான் காலேஜ் படிக்கப்போகிறேன். பத்தாவது முடித்து வயசானவர்களை நேராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பாடம் தபாலில் வரும், ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் வகுப்பு. மகள் பத்தாவது போகிற வருஷம் அம்மாக்காரி பி.ஏ. சேர்கிறாள் என்று தெருவே சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

தமிழ் இருக்கிறது, வரலாறு இருக்கிறது, வணிகப் பொருளாதாரம் இருக்கிறது. விசாரிக்கப் போன இடத்தில் ஒரு அம்மா, "தமிழ் எடுத்துக்கோம்மா, கதை படிச்சாப்ல போயிடும். பொருளாதாரத்துல கணக்கு ஜாஸ்தி. இந்த வயசுல இன்னாத்துக்கு தலவலி?" என்றார். என் மனசு பொருளாதாரத்தில்தான் நிற்கிறது. எதை எடுக்க? பதில் போடுங்கள்.

உங்கள்
ராணியம்மாள்

கோட்டயம்
25.6.1996

அன்பு ராணிக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுவது. "எம் பொண்டாட்டி காலேஜுக்குப் போறா" என்று மேஸ்திரியிடம் சொன்னேன். காலையிலேயே குடித்துவிட்டேனா என்று கேட்டான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

தமிழே எடு. மளிகைப் பொட்டலம் கட்டின காகிதத்தைக்கூட நீவிவிட்டுப் படிக்கிறவள் நீ. உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பொருளாதாரம் நமக்கு வேண்டாம். பார்த்த பொருளாதாரம் போதும்.

இங்கே காலையிலும் ராத்திரியிலும் கப்பை என்று சொல்லி நம் குச்சிக்கிழங்கைத்தான் வேகவைத்துப் போடுகிறார்கள். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பிச்சைமுத்து முகம் வந்து நிற்கிறது. அவன் பொண்டாட்டி ரங்கம்மா எப்படி இருக்கிறாள்? என்னைப் பற்றி ஏதும் பேசினாளா?

இப்படிக்கு
கொளஞ்சியப்பன்

கச்சிராயபாளையம்
14.7.1996

அன்புள்ள மாமாவுக்கு,

கோபிக்காதீர்கள். பொருளாதாரத்திலேயே சேர்ந்துவிட்டேன். உங்களை மீறினதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

குச்சிக்கிழங்கு நல்ல விலைக்குப் போன வருஷம் ஊரே நம் களத்துக்கு வந்து நடவுக்கு அதன் தண்டுக் குச்சி கேட்டது. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, காசும் வாங்குவதில்லை என்பது நம் ஊர் முறை. கட்டுக் கட்டாகக் கொடுத்தீர்கள். பிச்சைமுத்து அண்ணன் கேட்கக்கூட இல்லை. "சோளத்த வுட்டுட்டு இத நடுடா, கடன் தீந்துடும்" என்று நீங்களே அவர் காட்டில் கொண்டுபோய்ப் போட்டீர்கள். மறுவருஷம் ஜவ்வரிசி மில் வாசலில் லாரி நின்ற வரிசையும், விலை விழுந்ததும், அண்ணன் பூச்சிமருந்தைக் குடித்ததும் நான் எழுத வேண்டுமா?

சாவு வீட்டில் ரங்கம்மா அக்கா உங்கள் துண்டைப் பிடித்து இழுத்து, "எம் புருஷனுக்குக் கொள்ளிக்கட்டையா குச்சி குடுத்தியே, பாவி!" என்று கத்தினாளே, அன்றைக்கு வீட்டை விட்டுப் போன கால் இன்னும் திரும்பவில்லை. துக்கத்தில் சொன்னது மாமா அது. விலை விழுந்ததற்கு வேறு காரணம் இருக்கும். அது புத்தகத்தில் இருக்கும். அதைக் கண்டுபிடித்து எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள். அதற்காகத்தான் படிக்கிறேன். மாடு மேய்க்கிறவளுக்குப் பட்டம் எதற்கு?

ராணி

கச்சிராயபாளையம்
8.12.1996

மாமா,

கண்டுபிடித்துவிட்டேன்! இன்றைக்கு வகுப்பில் வாத்தியார் இரண்டு கோடு போட்டுச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், பக்கத்திலிருந்தவள் எந்த ஊரில் சாவு என்று கேட்டாள்.

விலை ஏறின வருஷத்தைப் பார்த்து எல்லாரும் அதையே நடுகிறார்கள். கிழங்கு விளையப் பத்து மாசம். அதற்குள் யாராலும் மாற்ற முடியாது. எல்லார் கிழங்கும் ஒன்றாக மில்லுக்குப் போகிறது, விலை விழுகிறது. உலகம் முழுக்க இப்படித்தானாம், உருளைக்கிழங்குக்கும் இதே கதிதானாம். ஒருத்தர் தப்பு இல்லை மாமா. எல்லாரும் சேர்ந்து நட்டதுதான் காரணம். புத்தகத்தில் அச்சடித்தே போட்டிருக்கிறது.

பொங்கலுக்கு வந்துவிடுங்கள். உங்களுக்குப் புதுத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் ராணி

கோட்டயம்
20.12.1996

அன்பு ராணிக்கு,

கடிதம் கிடைத்தது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

எல்லாரும் சேர்ந்து நட்டார்கள், சரி. யார் வீட்டுக் குச்சி அது?

மில்லுக்காரன் சூழ்ச்சி, காலம் சரியில்லை, அவள் ஆத்திரத்தில் கத்தினாள் என்று இத்தனை நாள் எதையோ பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது புத்தகமே ரங்கம்மா சொன்னதைச் சொல்கிறது. படித்தவர்கள் பொய் எழுத மாட்டார்கள்.

உன்மேல் வருத்தம் இல்லை. பாதியில் விடாதே, நன்றாகப் படி. கமலாவையும் படிக்க வை. பொங்கலுக்கு எதிர்பார்க்க வேண்டாம். இந்தக் குவாரியை மூடுகிறார்கள், வேறு எங்கோ போகிறோம். விலாசம் தெரிந்தால் எழுதுகிறேன்.

கொளஞ்சியப்பன்

கச்சிராயபாளையம்
16.3.1997

அன்புள்ள மாமாவுக்கு,

பொங்கலுக்கு அப்புறம் எழுதின எதற்கும் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது இந்த ஒரு விலாசம்தான். மேஸ்திரி கண்ணில் பட்டால் தயவுசெய்து என் வீட்டுக்காரரிடம் சேர்க்கவும்.

நீங்கள் சொன்னபடி தமிழே எடுத்திருக்கலாம். மழையால் விலை விழுந்தது, மில்லால் விழுந்தது என்று உங்கள் மனசு ஆறுகிற மாதிரி ஒரு பொய்யை எழுதியிருப்பேன். நீங்களும் நம்பி வந்திருப்பீர்கள். பாழாய்ப்போன என் கை, கண்டதை அப்படியே எழுதிவிட்டது.

இந்த வருஷம் கிழங்கு மறுபடி நல்ல விலைக்குப் போகிறது. நேற்று ரங்கம்மா அக்கா வந்தாள். அந்தச் சாவுக்கு அப்புறம் நம் வாசலை மிதித்தது நேற்றுதான். "ரெண்டு கட்டு குச்சி குடு ராணி" என்றாள். "எல்லாரும் அதத்தான் நடுறாங்கக்கா, வில நிக்காது" என்று படித்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப இன்னா நடச் சொல்ற?" என்றாள். களத்துக்குப் போய் ரெண்டு கட்டு எடுத்தேன். நானே தலையில் சுமந்துபோய் அவள் காட்டில் இறக்கினேன்.

திரும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன். அவரும் எம் புருஷன் நல்லா இருக்கணும்னுதான குடுத்தாரு? வூட்டுக்கு வரச் சொல்லுடி. எப்ப வராரு?" என்று கேட்டாள்.

வருவார் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள் மாமா.

உங்கள்
ராணியம்மாள்