ஜெபம் பண்ணிய கார்டு

ஜூன் 8, ஞாயிறு
புது கிராபிக்ஸ் கார்டு வந்தாச்சு! பழையது புகைந்துபோன நாளிலிருந்து என் அனிமேஷன் படம் பாதியில் நிற்கிறது. ஜூலைக்குள் முடித்து அனுப்பினால் அந்தேரி ஸ்டூடியோவில் வேலை கிடைக்கலாம். இல்லாவிட்டால் கால் சென்டரே கதி. நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் அம்மா அதைச் சர்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சபை ஐயர் கார்டின் மேல் கைவைத்து ஜெபித்தார். போன வாரம் ஒரு ஆட்டோவுக்கு, இந்த வாரம் எனக்கு.

ஜூன் 9
திரை வருகிறது, அவ்வளவுதான். படத்தின் ஒரே ஒரு ஃப்ரேம் உருவாக அரை நாள் ஆகிறது. இந்தக் கார்டை என் கணினியின் லினக்ஸில் வேலை செய்யவைக்கும் டிரைவர் மென்பொருளை இன்னும் யாரும் எழுதி முடிக்கவில்லையாம். வாங்குமுன் பார்த்தேனா? மடச்சி!

ஜூன் 11
திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏட்டி, ஜெபிச்ச பொருளையா திருப்பிக் குடுப்ப? வெளங்குமா?"
தம்பி ஜெப்ரிக்கு எல்லாமே லேசு. "விண்டோஸ் டால் தே நா. மேட்டர் கதம்." விண்டோஸைப் போடு, பிரச்சினை முடிந்தது என்கிறான்.
மாட்டேன். படம் முழுக்க லினக்ஸில் செய்தது. வீம்பு என்றால் வீம்புதான்.

ஜூன் 19
டிரைவர் எழுதுகிறவர்களின் தளத்தில் புகார் போட்டிருந்தேன். ஜெர்மனியிலிருந்து மத்தியாஸ் என்பவர் பதில் எழுதியிருக்கிறார். லினக்ஸின் அடுத்த பதிப்பில் வரலாமாம். அவரிடம் இந்தக் கார்டே இல்லையாம்! கையில் இல்லாத கார்டுக்கு டிரைவர் எழுதுகிறார், மனுஷன். நான் சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். சொல்லாமல்?

ஜூலை 3
மத்தியாஸ் அனுப்பியதைப் போட்டேன், திரை கறுத்தது. சொன்னேன். திருத்தினார். பச்சையானது. மறுபடி சொன்னேன்.

ஜூலை 13
குடும்ப ஜெபத்தில் அம்மா: "ஆண்டவரே, அந்த மத்தியா பையனுக்கு ஞானத்தைக் குடும்." வேதத்தில் உள்ள பெயர் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு. பையன் லீவு போட்டு மலையேறப் போயிருப்பதை நான் சொல்லவில்லை.

ஜூலை 31
கெடு முடிந்தது. படம் முடியவில்லை. போச்சு — எல்லாம் போச்சு. ஒரு கார்டை நம்பி இப்படியா ஏமாறுவேன்? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஸ்டூடியோவுக்கு மன்னிப்பு மெயில் அனுப்பினேன். காரணம் பொய் என்று நினைத்துவிடக் கூடாதே, அந்தப் புகார்ப் பக்கத்தின் லிங்க்கையும் சேர்த்தேன்.

ஆகஸ்ட் 9
ஓடுகிறது! மத்தியாஸ் சேர்த்த திருத்தத்தின் அடியில் ஒரு வரி. சோதித்தவர்: லிசா ஞானசீலன். ஐயோ, நான்!

ஆகஸ்ட் 14
ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு. கார்டு ஓடியதும் ராப்பகலாக முடித்த படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினேன். அங்கே பொறுப்பிலிருக்கும் ஷ்ருதி மேடம் நேரே சர்வர் ரூமுக்குக் கூட்டிப்போனார். அங்கே நான் வாங்கிய அதே கார்டுகளைப் பிரிக்காத பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்கள்.
"நீ அனுப்பின லிங்க்ல, அந்தப் புகார் த்ரெட்ல இருக்கற லிசா நீதானா? நாங்க தினம் அதைத்தான் பார்த்துண்டிருந்தோம். இதையெல்லாம் ஓட வைக்கணும். திங்கட்கிழமை வந்துடறியா?"
வந்துவிடுகிறேன் என்றேன். வேலை கிடைத்துவிட்டது. வீடு திரும்பும் பஸ் சயான் தாண்டியபிறகுதான் உறைத்தது, படத்தை ஒருவருமே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 15
லீவு. அம்மாவுக்குப் படத்தைப் போட்டேன். நீல நிறத் தண்ணி டிரம் ஒன்று, விடியலில் எழுந்து எங்கள் தொண்ணூறடி ரோட்டில் குழாயைத் தேடிப்போகிற கதை. அம்மா பாதியில் திரும்பி என்னை ஒரு அடி அடித்தாள்.
"ஏட்டி, இந்த டிரம்மு என்னை மாதிரியல்லா நடக்கு!"
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுக்கா போடு" என்றாள்.
போட்டேன்.