நிற்கவைத்துப் பார்க்காத டாக்டரம்மாவுக்கு

டாக்டரம்மா,

நேற்று உங்கள் தங்கை மகளிடமிருந்து தபால் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறதாம், நினைவு மலர் போடுகிறார்களாம். "பெரியம்மாவோடு ஆபரேஷன் தியேட்டரில் அதிக நாள் நின்றவர் நீங்கள்தான், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். கூடவே ஒரு பழைய படம். அதில் நீங்கள் பரிசோதனை அறையில், பச்சை ரெக்சின் போட்ட கட்டிலில் ஒரு கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலைத்தான் பார்த்தேன். அந்த ரெக்சினின் குளிர்ச்சி என் முதுகில் ஏறியது.

அவள் கேட்டபடி ஒரு பக்கம் எழுதினேன். கைராசிக்காரர், ஏழைகளின் டாக்டர் என்றெல்லாம் எழுதி, படித்துப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனாலும் என் கையெழுத்தில் அது வெளியே போகக் கூடாது. மலரில் எழுத நிறைய பேர் இருப்பார்கள். நான் இதை உங்களுக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் உங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் நம் ஜன்னலை அதிரவைத்த காலம். நாசரேத்தில் நர்ஸ் படிப்பு முடித்தவள், கடற்கரைக்காரி, கொழும்புக்குப் போகும் தோணியின் தண்டலுக்கு வாழ்க்கைப்பட்டவள். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. அவர் போனால் திரும்ப இரண்டு மாசம், மூன்று மாசம் ஆகும். ஊரில் பெண்கள் துணிந்து உடம்பைக் காட்டக்கூடிய டாக்டர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் உங்கள் வாய்ச்சொல்லுக்கு அத்தனை கனம் இருந்தது. அந்தக் கனம் தெரியாமல் நீங்கள் பேசினீர்கள் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாசமாக இருந்தபோது எனக்குக் கீழே வீக்கம் வந்தது. தொடையின் உள்பக்கமும் பிறப்புறுப்பைச் சுற்றியும் ரத்தக்குழாய்கள் புடைத்து நின்றன. கூச்சத்தோடு உங்களிடம் காட்டினேன். "இது பேறுகாலத்துல வாரதுதான். பிள்ள பெறந்தா வத்திரும்" என்றீர்கள். பிள்ளை பிறந்தது. வெளியே வற்றியது போலத்தான் தெரிந்தது. உள்ளே ஒரு வலி உட்கார்ந்துகொண்டது.

காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. மத்தியானம் அடிவயிற்றில் ஈரத்துணியை முறுக்கி வைத்ததுபோல் கனக்கும். சாயங்காலம் நிற்க முடியாது, எல்லாம் கீழே இறங்கி விழுந்துவிடும்போல் இருக்கும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் இன்னும் மோசம். படுத்தால் அரைமணியில் அடங்கும். அவர் கரைக்கு வந்திருக்கும் நாட்களில் அவரோடு சேர்ந்திருந்தால், மறுநாள் முழுவதும் சுருண்டு கிடப்பேன்.

தியேட்டரில் உங்களுக்கு எதிரே நின்று கத்தியும் கிளாம்ப்பும் எடுத்துக் கொடுக்கும்போது, வலி தாங்காமல் ஒரு காலைத் தூக்கி ஸ்டூல் கம்பியில் வைத்துக்கொள்வேன். "கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்காதளா" என்று எல்லார் முன்னாலும் சொல்வீர்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

மூன்று தடவை என்னைப் பரிசோதித்தீர்கள். மூன்று தடவையும் காலை ஏழு மணிக்கு, ரவுண்ட்ஸுக்கு முன்னால், அந்தக் கட்டிலில் படுக்கவைத்து. இரவெல்லாம் படுத்து எழுந்து வந்தவளை மறுபடியும் படுக்கவைத்துத் தேடினீர்கள். முதல் தடவை பொறுமையாகப் பார்த்தீர்கள். இரண்டாம் தடவை கடிகாரத்தைப் பார்த்தீர்கள். மூன்றாம் தடவை கையுறையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "ஏளா, ஒனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்ல. மனசுலதான் கோளாறு." ஒரு டானிக்கும் தூக்க மாத்திரையும் எழுதினீர்கள். அதையும் விழுங்கினேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த முட்டாள்களில் நானும் ஒருத்தி.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

அந்த முறை தோணி வந்து சேர்ந்து நாலாம் நாள், என் வீட்டுக்காரர் உங்களைத் தேடி வந்தார். நான் அடுத்த அறையில் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு துணித்திரைதான். நான் அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும்.

"அவளுக்கு என்ன நோவு டாக்டரம்மா? பக்கத்துல போனாலே பயப்படுதா. மறுநா பூரா வயித்தப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கா" என்று கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. பயந்து கேட்டார்.

"நான் மூணு தடவ பாத்துட்டேன். ஒரு கொறையும் இல்ல. அவளுக்குப் புருசன் வேண்டாம், அதுக்கு வலின்னு பேரு வச்சிருக்கா. நீ கடல்ல கெடக்க, அவ கரையில கெடக்கா. என்ன ஏதுன்னு நீதான் பாத்துக்கிடணும்."

இதுதான் நீங்கள் சொன்னது. ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அன்று வீட்டில் அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் கடலுக்குப் போனா இங்கன யாருளா வாரா?" என்று கேட்டார். மூன்று பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தன. ரெண்டு நாள் கழித்து அவர்களைக் கீழவைப்பாரில் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் தோணி ஏறிவிட்டார். கடைசிப் பிள்ளைக்குப் பால்குடி மறந்து சரியாக ஒரு மாசம்கூட ஆகவில்லை. நான் மறுநாள் காலை வேலைக்கு வந்தேன். உங்கள் கையில் கவுனை மாட்டிவிட்டேன். நீங்கள் ஒன்றுமே நடக்காததுபோல், "இன்னைக்கு ரெண்டு சிசேரியன்" என்றீர்கள்.

என் வியாதியைக் கண்டுபிடித்தது நீங்கள் இல்லை. பேச்சியம்மாள். உப்பளத்தில் வேலை பார்த்தவள், ஐந்து பிள்ளை பெற்றவள். எனக்கு இருந்த அதே வலி. அவளையும் கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போவாம இருக்க வழி தேடுதா" என்று என்னிடம் சொல்லி, டானிக் கொடுக்கச் சொன்னீர்கள். பாட்டிலை வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "படுத்தா ஓடிப்போயிருது சிஸ்டர். உப்புப் பாத்தியில நின்னுட்டு நேரா வாரேன், நிக்கையிலயே பாருங்கன்னு சொன்னா, இந்தம்மா கேக்காம படுக்கத்தான சொல்லுது."

அவளைக் கட்டுப்போடும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நின்றபடி சேலையை விலக்கிக் காட்டினாள். தொடையின் உள்பக்கத்திலிருந்து பின்னால் வரைக்கும் நீலக் கயிறுகள். பெஞ்சில் படுக்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வற்றி மறைந்தன. எழுந்து நின்றாள், திரும்ப நிறைந்தன. அன்று வீட்டுக்குப் போய், முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து அதன் இருபக்கமும் கால் ஊன்றி நின்று பார்த்தேன். எனக்கும் இருந்தது. அழுகை வரவில்லை. உங்கள்மேல் வந்த கோபத்தில் காது அடைத்துப்போனது.

மறுநாள், "ஒரே ஒரு தடவ நிக்கவச்சுப் பாருங்க டாக்டரம்மா" என்று கேட்டேன். "எனக்கு நீ பாடம் எடுக்கியா?" என்றீர்கள்.

லீவு போட்டு மதுரைக்குத் தனியாக பஸ் ஏறினேன். அங்கே ஒரு சர்ஜன். முதலில் என்னைத் தொடவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார். "படுத்தா கொறையுதாம்மா? மாசவிலக்குக்கு முன்னாடி கூடுதா? வீட்டுக்காரரோட இருந்த மறுநாள் வலிக்குதா?" மூன்றுக்கும் தலையாட்டினேன். பிறகு நிற்கவைத்து, இருமச் சொல்லிப் பார்த்தார். கர்ப்பப்பை வழியாக ஊசியில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல வலி. ஆனால் அந்தப் படத்தில் என் வலி வெள்ளையாகத் தெரிந்தது. இடது பக்கம் சுண்டுவிரல் பருமனுக்கு வீங்கி வளைந்து கிடந்த குழாய்கள், மருந்து மேலே போகாமல் அங்கேயே தேங்கி நின்றது.

"சினைப்பையிலேருந்து ரத்தம் மேல ஏறிப் போகணும். திரும்பி வராம இருக்க நடுவுல வால்வு உண்டு. உங்களுக்கு அது கெட்டுப்போச்சு. நிக்க நிக்க ரத்தம் கீழ எறங்கித் தேங்குது, அதான் கனம்" என்றார். பல இடத்தில் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள், அது வேண்டாம், கெட்ட குழாயைக் கட்டிவிட்டால் போதும் என்றார். "முழுசாப் போயிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றும் சொன்னார். அப்படிப் பேசுகிற ஒரு டாக்டரை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்தில் திரும்பி வந்தேன். வலி முக்கால்வாசி போய்விட்டது. எக்ஸ்ரேயை உங்கள் மேசைமேல் வைத்து, சர்ஜன் கேட்ட மூன்று கேள்வியையும் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் ஏதோ மாறியது. மறைக்கத் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

உங்களை நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் படிப்பில் இது இல்லாமல் இருந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்காக யாரும் உங்களைத் தூக்கில் போடப் போவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "என் வீட்டுக்காரர் வந்ததும் கூப்பிட்டு, அன்னைக்குச் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் சொன்னத நானே மாத்திச் சொன்னா, நாளைக்கு எந்தப் பொம்பள என்ன நம்பி வருவா? ஒனக்கு வலி போச்சுல்லா, அதோட விடு" என்று படத்தை உறையில் போட்டு என் பக்கம் நகர்த்தினீர்கள்.

அவர் திரும்பி வந்தபோது படத்தைக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "இதுல எனக்கு என்னளா தெரியும்? டாக்டரம்மா வாயால சொல்லட்டும்" என்றார். மதுரை சர்ஜன் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த கடிதத்தை எங்கள் மாதா கோவில் பங்குச் சாமியார்தான் அவருக்கு வாசித்து விளக்கினார். என் கர்ப்பப்பையைப் பற்றி ஒரு சாமியார் என் புருஷனுக்குச் சொல்ல, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் உங்கள் அறையில் ஒரு நிமிஷத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை அது. பிள்ளைகள் வீட்டுக்கு வந்தன. கடைசிப் பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரிய நாலு நாள் ஆனது.

அப்புறம் நீங்கள் செய்ததுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. சாயங்கால நேரத்தில் பெண்களை நிற்கவைத்துப் பார்க்க ஆரம்பித்தீர்கள். படுத்தால் குறைகிறதா, மாதவிலக்குக்கு முன்னால் கூடுகிறதா, புருஷனோடு இருந்த மறுநாள் வலிக்கிறதா. அந்த மூன்று கேள்வியையும் நான் சொன்ன அதே வரிசையில் கேட்டீர்கள். பேச்சியம்மாளை நீங்களே மதுரைக்கு அனுப்பினீர்கள். வலி நீங்கித் திரும்பி வந்தவள் உங்கள் காலில் விழுந்தாள். நான் பக்கத்தில் டிரேயோடு நின்றேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். "அடுத்த ஆளக் கூப்பிடு" என்றீர்கள்.

ஏன் வேலையை விடவில்லை என்று என் மகள் கேட்பாள். வந்த பெண்கள் நிற்கவைக்கப்படுகிறார்களா என்று பார்க்கத்தான் இருந்தேன். உங்களை நம்பி அல்ல.

என் வீட்டுக்காரரோடு அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வாழ்ந்தேன். நல்லவர். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததே இல்லை. ஆனால் தோணியிலிருந்து வரும்போதெல்லாம், வாசலில் நின்று வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். அந்தப் பார்வையை அவருக்குக் கொடுத்தது நீங்கள்.

கடைசியாக நோயில் கிடந்தபோது, ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியை விலக்கிவிட்டு, "ஏளா, அன்னைக்கு டாக்டரம்மா சொன்னது நெசமில்லதான?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவரை அடக்கம் பண்ணினோம். நீங்கள் மாலையோடு வந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றீர்கள். இப்போதாவது, பெட்டிக்குள் கிடக்கிறவரைப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனீர்கள்.

அவர் சொன்ன அந்தச் "சரி" நம்பிச் சொன்னதா, என்னை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்க அவரும் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய நீங்களும் இல்லை.